வேலியோடு போன குறிஞ்சா: வளவில் மீண்டும் வளர்ப்பது எப்படி?

குறிஞ்சாக்கேணி என்ற பெயரை நாட்டின் மற்றப் பகுதிகளில் உள்ள பலர் முதன்முதலாகக் கேட்டது 2021 நவம்பர் 23 அன்றுதான். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால், மக்களை ஏற்றி இறக்கிய மிதவைப் படகு அன்று காலை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே துயரம்தான் முன்னுக்கு வருகிறது.

அந்தப் பெயருக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. குறிஞ்சா என்பது ஒரு கொடி. கேணி என்பது ஊர் குடித்த நீர். திருகோணமலை மாவட்டத்தில் இப்படிப்பட்ட பெயர்கள் ஒன்றிரண்டல்ல. பக்கத்திலேயே ஆலங்கேணி இருக்கிறது; நகரத்துப் பக்கம் பாலையூற்று இருக்கிறது. ஒரு செடியோ மரமோ, அதனோடு ஒரு நீர்நிலை. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

என் அம்மாவின் ஊர் ஆலங்கேணி. நான் பிறந்தது மூதூர் கிழக்கில். சிறுவயதில் இரண்டு ஊரிலும் குறிஞ்சா இலை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அதை யாராவது நட்டதையோ தண்ணீர் ஊற்றியதையோ நான் கண்டதில்லை. வேலியில் இருந்தது, பறித்தோம், சமைத்தோம். இன்று எங்கள் பிள்ளைகளிடம் அந்த இலையைக் காட்டினால் அவர்களுக்குத் தெரியாது. இனி அது தானாக வரும் என்று காத்திருக்க முடியாது, நாங்களே நட்டு வளர்க்க வேண்டும் என்பதைச் சொல்லவும், எப்படி வளர்ப்பது என்பதை விளக்கவுமே இதை எழுதுகிறேன்.

எது குறிஞ்சா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மலையில் நீலமாகப் பூக்கும் குறிஞ்சி வேறு, எங்கள் வேலிக் குறிஞ்சா வேறு. பெயர் ஒலிக்கிற விதத்தில் மட்டுமே இரண்டும் நெருக்கம்.

குறிஞ்சா என்ற பெயரில் எங்கள் ஊர்களில் இரண்டு கொடிகள் உண்டு. ஒன்று சிறுகுறிஞ்சா. தாவரவியலில் ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே. இலைகள் எதிரெதிராக, முட்டை வடிவில், பெரும்பாலும் இரண்டு அங்குல நீளத்துக்குள் இருக்கும். இளந்தண்டைத் தடவினால் மெல்லிய மயிர் தெரியும். பூ மிகச் சிறியது, வெளிர்மஞ்சள், கொத்துக் கொத்தாக வரும். தமிழ்நாட்டில் இதைச் சிறுகுறிஞ்சான் என்றும் சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்கிறார்கள். சிங்களத்தில் மஸ்பெத்த.

மற்றது பெருங்குறிஞ்சா. தாவரவியலில் டிரெஜியா வொலுபிலிஸ். இலை அகலமானது, காம்புப் பக்கம் இதயம் போல உள்வளைந்திருக்கும். பூ பச்சை நிறம். குடை கவிழ்த்ததுபோலத் தொங்கும். சிங்கள மக்கள் அங்குண என்று சொல்லி விரும்பிச் சாப்பிடுவது இதைத்தான். இரண்டும் உறவுக்காரக் கொடிகள், இரண்டும் உண்ணத் தக்கவை, இரண்டையும் வளர்க்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இரண்டையும் பிரித்தறிய எல்லோருக்கும் தெரிந்த ஒரு சோதனை உண்டு. சிறுகுறிஞ்சாவின் இரண்டு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சீனியை வாயில் போட்டால் அது மணல்போல இருக்கும். இனிப்பே தெரியாது. அரை மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் மேலாக, நாக்கு இப்படியே இருக்கும். பெருங்குறிஞ்சா இதைச் செய்யாது.

ஆனால் முன்பின் தெரியாத கொடியை வாயில் வைத்துச் சோதிக்க வேண்டாம். இதே குடும்பத்தில், இதேபோல எதிரெதிர் இலையோடு வளரும் நஞ்சறுப்பான் கொடி கடும் வாந்தியை உண்டாக்கும். ஊரில் குறிஞ்சாவை அறிந்த மூத்தவர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இலை வாய்க்குப் போக வேண்டும்.

வேலி இருந்த காலம்

குறிஞ்சா மரத்தண்டுள்ள கொடி. பிடிக்க ஏதாவது கிடைத்தால் ஏறும். கிடைக்காவிட்டால் தரையில் படர்ந்து, வெட்ட வெட்டப் பற்றையாக நிற்கும். அதன் காய் முற்றி வெடிக்கும்போது பட்டுப் பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் பறக்கும். பறந்த விதை எங்கே தங்கும்? கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நெருக்கமாக நின்ற உயிர்வேலியின் அடியில் தங்கும். அங்கே நிழல் இருக்கும், சருகு இருக்கும், ஈரம் இருக்கும், ஏறுவதற்குக் கதியால் இருக்கும். எங்கள் தாய்மார் நடாமலே பறித்ததற்குக் காரணம் இதுதான். கொடியைக் காற்று நட்டது, வேலி வளர்த்தது.

2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கிலிருந்து நாங்கள் ஓடினோம். வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். சம்பூர்ப் பக்கக் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்ட பிறகு பலர் திரும்பியபோது, வீடு மட்டுமல்ல வேலியும் இருக்கவில்லை. கனரக இயந்திரம் தள்ளிய நிலத்தில் எது யாருடைய வளவு என்று கண்டுபிடிக்கக் கிணற்றையும் தப்பிய ஓரிரு மரங்களையும் அடையாளமாக வைத்துத்தான் அளந்தார்கள். பிறகு அவசரத்துக்குத் தகரம் அடித்தோம். கொங்கிறீற்றுத் தூண் நாட்டி முட்கம்பி இழுத்தோம். வன்னியிலும் வலிகாமம் வடக்கிலும் மீள்குடியேறியவர்களின் கதையும் பெரும்பாலும் இதுவே.

தகரம் எல்லையைக் காட்டும், ஆட்டை மறிக்கும். ஆனால் அதன் அடியில் சருகு தங்காது. வெயிலில் கொதிக்கும் தகரத்தில் எந்தக் கொடியும் ஏறாது. வேலி உயிருள்ளதாக இருந்தவரை அதோடு குறிஞ்சாவும் முடக்கொத்தானும் முசுட்டையும் தூதுவளையும் கேட்காமலே கிடைத்தன. வேலி போனதும் அந்த இலவசச் சமையலறையும் போய்விட்டது. முன்பு காசில்லாத நாளில் வேலிக்குப் போனவர்கள் இப்போது கீரைக்கும் சந்தைக்குப் போகிறார்கள். 2022 இல் அரிசியும் மருந்தும் எட்டாத விலைக்குப் போன மாதங்களில் இந்த வித்தியாசத்தை எல்லோரும் உணர்ந்தோம்.

நடுவதற்குத் தண்டு எங்கே எடுப்பது?

நான் தண்டு எடுத்தது குறிஞ்சாக்கேணிப் பக்கத்து வளவு ஒன்றின் வேலியில். அந்த வீட்டு உம்மாவிடம் விலை கேட்டேன். “இதுக்கெல்லாம் காசா மகள்? வேண்டிய அளவு வெட்டிக்கிட்டுப் போங்க. வெட்டினாத்தான் அதுவும் தளிர்க்கும்” என்றார். அவர் சொன்னது தோட்டக்கலைப் பாடத்திலும் சரியானது. வெட்டாத குறிஞ்சா முற்றிப் போகும். வெட்டும் குறிஞ்சாதான் தளிர் தரும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கொடி தேடிக் கைவிடப்பட்ட காணிக்குள்ளும் பற்றைக் காட்டுக்குள்ளும் போகாதீர்கள். மிதிவெடி அபாயப் பலகை நிற்கும் இடத்துக்குள் இலைக்காகவோ விறகுக்காகவோ ஒரு அடிகூட வைக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும், கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்பட்ட இடம்தானா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மண்ணைக் கிளறும்போது தெரியாத இரும்புப் பொருள் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி அறிவியுங்கள். தண்டு எடுக்கச் சிறந்த இடம், ஆட்கள் குடியிருக்கும் இன்னொரு வீட்டின் வேலிதான்.

மூன்று வழிகள்

முதலாவது, தண்டு நடுதல். பச்சைத் தளிரும் வேண்டாம், முற்றி வெளிறிய அடித்தண்டும் வேண்டாம். இரண்டுக்கும் இடைப்பட்ட, பென்சில் தடிப்புள்ள தண்டை எடுங்கள். மூன்று நான்கு கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ்முனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டினால் எது தலை, எது கால் என்று மாறாது. கீழ் இரண்டு கணுவிலுள்ள இலைகளை நீக்கி, மேலே இரண்டு இலையை மட்டும் விடுங்கள். நடும்வரை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்றன்றே நடுவது நல்லது.

ஆற்றுமணல், மேல்மண், உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து பொலித்தீன் பையில் நிரப்புங்கள். பையின் அடியில் நாலைந்து துளை கட்டாயம் வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு தண்டை நட்டு, சுற்றி இறுக்கி, நிழலில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது, சேறாகவும் கூடாது. வேர் பிடிக்க ஒன்று முதல் ஒன்றரை மாதம் ஆகும். இரண்டு கிழமையில் துளிர் வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டில் சேமித்த உணவிலிருந்தே முதல் துளிர் வரும். பத்துத் தண்டு நட்டால் பத்தும் பிழைக்காது. அதனால் தேவையைப் போல இரண்டு மடங்கு நடுங்கள்.

இரண்டாவது, பதியம். ஏற்கெனவே ஒரு கொடி இருந்தால் இதுதான் மிக இலகு. தரையோடு வரும் நீண்ட தண்டை வெட்டாமலே வளைத்து, ஒரு கணுவை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, எழும்பாமல் மேலே ஒரு கல்லை வையுங்கள். தாய்க்கொடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் தண்டு வாடாது. அங்கே வேர் இறங்கிய பிறகு தாய்ப்பக்கம் வெட்டி மண்ணோடு கிளப்பி நடலாம்.

மூன்றாவது, விதை. காய் காய்ந்து வெடிப்பதற்குச் சற்று முன்பு பறித்து, பஞ்சை நீக்கி, உடனே விதையுங்கள். இந்த விதை அதிக காலம் முளைதிறன் தாங்காது; போத்தலில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைத்திருப்பதில் பயன் குறைவு. விதையில் வந்த செடி தண்டில் வந்ததைவிட மெதுவாகவே பெருக்கும். ஆனால் கொடி கிடைக்காத ஊருக்கு எடுத்துச் செல்ல விதை வசதி.

மழையும் கச்சானும்

எங்கள் மாவட்டத்தின் பெரும் மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. இந்தக் கணக்கை வைத்தே நடுகை செய்ய வேண்டும். புரட்டாதியில் தண்டைப் பையில் நட்டால், கார்த்திகை மழையில் நிலத்துக்கு மாற்றலாம். மாரி முழுவதும் வானமே தண்ணீர் ஊற்றும். தை, மாசிக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். பங்குனியில் நட்டால் அந்தச் செடி வேர் பிடிப்பதற்குள் வைகாசிக் கச்சான் காற்று வந்துவிடும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்றுக்கு இளஞ்செடி தாங்காது.

நிலத்தில் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். மணல் நிலமானால் அடியில் பொச்சுமட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். அவை மழை நீரை உறிஞ்சி வைத்து மெதுவாகக் கொடுக்கும். அதன் மேல் உக்கிய எருவும் சருகும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். களிமண் நிலமானால், மழை நீர் தேங்காதபடி நடும் இடத்தை அரை அடி உயர்த்துங்கள். குறிஞ்சா வரட்சியைத் தாங்கும்; நீர் தேங்கினால் வேர் அழுகும்.

முதல் கோடையை மட்டும் கடக்க உதவுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு செம்பு தண்ணீர் போதும். அதற்கும் வழியில்லாத இடத்தில், அடியில் சிறு துளை போட்ட பழைய மண்முட்டியைச் செடிக்கு ஒரு அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, துளையைத் துணித்திரியால் அடைத்து, நீர் நிரப்பி மூடி வையுங்கள். நீர் வேருக்குக் கசியும், வெயிலுக்குப் போகாது. அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர் நல்லது. சவர்க்கார நீரும் உவர்க் கிணற்று நீரும் இளஞ்செடிக்கு வேண்டாம். முதல் வருடம் கடந்தால் கச்சானில் இலை கொட்டினாலும் அடுத்த மழைக்குக் கொடி திரும்பவும் துளிர்க்கும்.

எதில் ஏற்றுவது?

என் ஆலோசனை, குறிஞ்சாவோடு வேலியையும் நடுங்கள் என்பதே. முட்கம்பி வேலியை அகற்றத் தேவையில்லை. அதன் உட்புறமாக மூன்று அடிக்கு ஒன்று வீதம் கிளுவை, பூவரசு அல்லது கிளிசரியாக் கதியால்களை மாரியில் ஊன்றுங்கள். கதியால் பிழைத்துத் தளிர்த்த பிறகு, நாலு அடிக்கு ஒரு குறிஞ்சாவை நடுங்கள். கதியாலின் வெட்டிய தழை வேலியடிக்கே பசளையாகும். சில வருடங்களில் கம்பி கறள் பிடித்து அறும்போது வேலி தன் காலில் நிற்கும். ஆனால் கிளிசரியா இலை சமையலுக்கு ஆகாது. இலை பறிக்கும்போது இரண்டும் கலக்காமல் பாருங்கள். சிறுபிள்ளைகளை அனுப்பினால் முதலில் காட்டிக் கொடுங்கள்.

வேலி போட இடமில்லாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஒரு பழைய வாளியில் அல்லது உரப்பையில் நட்டு நாலு தடியைக் கூம்பாகக் கட்டி ஏற்றலாம். நான்கு அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் பற்றைபோல அடர்ந்து நிற்கும். வீடு மாறினால் அதுவும் கூடவே வரும். இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு இது சின்ன விடயமல்ல.

பூச்சித் தொல்லை குறைவு. தளிரில் அழுக்கணவன் வந்தால் நுனியைக் கிள்ளி எறியலாம். வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். வெண்மூட்டுப்பூச்சி பிடித்த தண்டை வெட்டி எரித்துவிடுங்கள். உண்ணும் இலை என்பதால் கடை மருந்து அடிக்க வேண்டாம். பெருங்குறிஞ்சாவில் கோடு போட்ட மயிர்க்கொட்டியில்லாத புழுக்கள் சில இலையைத் தின்றால் பயப்பட வேண்டாம். கறுப்பில் நீலத்திட்டுள்ள வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்தக் கொடியில்தான் முட்டையிடும். கொடி அந்த இழப்பைத் தாங்கும்.

முதல் வருடம் பறிக்காதீர்கள். இரண்டாம் வருடத்திலிருந்து தளிரும் இளம் இலையும் பறிக்கலாம். ஒரு தடவையில் கொடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன், இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மழையோடு புதுத்தளிர் பொங்கி வரும். வெட்டிய தண்டுகளே அடுத்த வீட்டுக்கான கன்றுகள்.

சட்டியில் குறிஞ்சா

கசக்கும். ஆனால் அது பாகற்காயின் கசப்பல்ல, தேங்காயோடு சேர்ந்தால் அடங்கிவிடும் கசப்பு. இலையைக் கழுவி, அடுக்கிச் சுருட்டி, நூல்போல நுணுக்கமாக அரிய வேண்டும். வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் மாசிக்கருவாடு தாளித்து, இலையைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டி, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் உப்பும் சேர்த்து இறக்கி, தேசிக்காய்ப்புளி விடுங்கள். யாழ்ப்பாணத்தில் வறை என்பார்கள், நாங்கள் சுண்டல் என்போம். அதிக நேரம் அடுப்பில் வைத்தால் கறுத்துக் கசப்புக் கூடும்.

இன்னொன்று இலைக்கஞ்சி. சிவப்புப் பச்சையரிசியைக் குழைய விட்டு, குறிஞ்சாவோடு கிடைத்த மற்ற இலைகளையும் அரைத்துப் பிழிந்த சாற்றைச் சேர்த்து, முதற்பாலும் உள்ளியும் மிளகும் போட்டு இறக்குவது. கஞ்சி என்ற சொல் எங்களில் பலருக்கு 2009 ஐத்தான் நினைவூட்டுகிறது. அந்தக் கஞ்சியில் அரிசியும் நீரும் உப்பும் மட்டுமே இருந்தன. மே மாதத்தில் அதை நாங்கள் நினைவாகக் குடிக்கிறோம். மற்ற மாதங்களில் பிள்ளைகள் குடிக்கும் கஞ்சி பச்சையாக, பாலும் இலையுமாக இருக்கட்டும்.

சீனி வருத்தமும் குறிஞ்சாவும்

இந்த இலையைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது சீனி வருத்தத்துக்காகத்தான். அதனால் இதைக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட பெரிய ஆய்வொன்றில், வயதுவந்தவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருப்பவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஆனால் போர் காரணமாக அந்த ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. எங்கள் உடம்புகளை யாரும் எண்ணாத காலத்தில், நாங்கள் முகாமில் வெள்ளை மாவும் சீனியும் பருப்பும் தின்றுகொண்டிருந்தோம். நடக்க இடமில்லை, நித்திரை இல்லை, குளிசை தொடர்ந்து கிடைக்கவில்லை. இன்று கிளினிக் வரிசையில் நிற்கும் எங்கள் ஆட்களைப் பார்த்தால் அந்தக் காலமும் அதில் சேர்ந்து நிற்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

சிறுகுறிஞ்சா நாக்கில் என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும். 1880களில் உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் இலையிலிருந்து இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்து ஆராய்ந்தார். ஜிம்னிமிக் அமிலம் என்று அது அழைக்கப்படுகிறது. நாக்கில் இனிப்பை உணரும் வாங்கிகளில் போய் ஒட்டிக்கொண்டு, சீனியை உணரவிடாமல் தடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது கழுவப்பட்டதும் இனிப்பு திரும்பி வரும்.

இங்கேதான் எங்கள் ஊரில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நாக்கில் இனிப்பு மறைந்தால் இரத்தத்திலும் சீனி மறைந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. இலையை மென்றுவிட்டுக் குடித்த தேநீரின் சீனி, நாக்குக்குத் தெரியாவிட்டாலும் முழுவதுமாக உடம்புக்குள் போகிறது.

இரத்தச் சீனியைக் குறைக்குமா என்பது தனிக் கேள்வி. 1990 இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேருக்கு வழமையான மருந்தோடு இந்த இலையின் செறிவூட்டிய சாறு நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். சீனி அளவு குறைந்தது. சிலருக்கு மருந்தையும் குறைக்க முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 22 பேர் சிறிய தொகை. கொடுத்தது அளந்து தயாரித்த சாறு, சுண்டல் அல்ல. மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள்.

ஆகவே, குறிஞ்சாவைக் கீரையாகச் சாப்பிடுங்கள்; குளிசையை நிறுத்தாதீர்கள். குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் இந்த இலையின் தூளையோ சாற்றையோ தினமும் எடுத்தால் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்தாக எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. சித்த மருத்துவ முறையில் எடுக்க விரும்புபவர்கள் பதிவுபெற்ற வைத்தியரிடம் போங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்த மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே படித்து வந்தவர்கள் எங்கள் மாவட்டங்களில் பணியாற்றுகிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இதை வாசிப்பவர்கள், ஊருக்கு வரும்போது தண்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் உயிர்த்தாவரம் கொண்டுபோவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். அங்குள்ள நாற்றுமேடைகளில் ஜிம்னிமா என்று கேட்டுப் பாருங்கள். உறைபனியை இந்தக் கொடி தாங்காது. கோடையில் வெளியிலும் குளிர்காலத்தில் வெளிச்சமான யன்னலருகிலும் சாடியில் வைத்து வளர்க்கலாம். ஊரில் வேலி அடைக்கக் காசு அனுப்புபவர்கள், அடுத்த முறை தகரத்துக்கு மட்டுமல்லாமல் கதியாலுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு முழத் தண்டு

குறிஞ்சாவுக்குக் கடன் வேண்டாம், திட்டம் வேண்டாம், பயிற்சிப் பட்டறை வேண்டாம். தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு தாய்க்கு, கால் ஏக்கர் காணியின் ஒரு பக்க வேலி கிழமைக்கு இரண்டு வேளை கறி கொடுக்கும். மிஞ்சினால் கட்டாகக் கட்டிச் சந்தைக்கு அனுப்பலாம். அது குடும்பத்தைப் பணக்காரராக்காது. ஆனால் கையில் ஒன்றுமில்லாத நாளில் வளவுக்குள்ளேயே ஒரு கறி இருக்கிறது என்ற தைரியத்தைக் கொடுக்கும். அந்தத் தைரியத்தையும் நாங்கள் போரில் இழந்தோம்.

குறிஞ்சாவும் கேணியும் பெயரில் மட்டும் மிஞ்சிய ஊர்களாக எங்கள் ஊர்கள் ஆகிவிடக் கூடாது. பாடசாலைத் தோட்டத்தில் ஒரு கொடியை ஏற்றி, இதுதான் பக்கத்து ஊரின் பெயர் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆலங்கேணிக்காரரும் குறிஞ்சாக்கேணிக்காரரும் ஒரே கொடியின் தண்டை வேலிக்கு மேலால் கை மாற்றிக்கொள்வதற்கு எந்தக் குழுக் கூட்டமும் தேவையில்லை.

இந்தப் புரட்டாதியில் குறிஞ்சா உள்ள ஒரு வீட்டைத் தேடிப் போய் ஒரு முழத் தண்டு கேளுங்கள். அது உங்கள் வேலியில் ஏறிய பிறகு, கேட்டு வருபவர்களுக்கு நீங்களும் வெட்டிக் கொடுங்கள்.